எந்த எடிட்டர் காதோடு பேசும்? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து. பார்வையற்ற இளையோர் சிலர் அங்கே ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களும் அவர்களுக்குச் சொல்லித்தருபவர்களும் வீட்டாரும் கேட்டவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். விண்டோஸ் கணினியும், திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானும் வைத்திருப்பவர்களை நினைத்தே விசைகளைச் சொல்கிறோம்.

கேள்வி: எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. எஸ்பிஎம் தேர்வு முடித்துவிட்டேன். என்விடிஏ வைத்துத் தட்டச்சு செய்வேன், மின்னஞ்சல் பார்ப்பேன். சிறுகதைகளை வாசித்துப் பதிவுசெய்து வெளியிட ஆசை. அண்ணன் கொடுத்த பழைய மடிக்கணினிதான் இருக்கிறது, 4 ஜிபி நினைவகம். ஆடாசிட்டி, ரீப்பர், கோல்ட்வேவ், ஆடிஷன் என்று ஆளுக்கோர் எடிட்டிங் மென்பொருளைச் சொல்கிறார்கள். எதில் தொடங்கட்டும்?

ஆடாசிட்டியில் தொடங்குங்கள், தங்கையே. இலவசம், உங்கள் 4 ஜிபி கணினியில் ஓடும். அடிப்படை வேலைகள் எல்லாவற்றுக்கும் விசை உண்டு, சுட்டெலியைத் தொடவே வேண்டாம். 2000ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருப்பதால் பார்வையற்ற பயனர்கள் பல நாடுகளில் இதைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். எங்கே சிக்கினாலும் அதே இடத்தில் முன்பு சிக்கிய ஒருவர் கிடைப்பார். எங்களைக் கேட்டால், ஒரு தொடக்கநிலையாளருக்கு மென்பொருளின் வசதிகளைவிட இதுதான் முக்கியம்.

மற்றவை பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கோல்ட்வேவ் கனடாவில் உருவான பழைய மென்பொருள். பார்வையற்றோர் நீண்ட காலமாக நம்பிப் பயன்படுத்துவது. ஒரே ஒரு கோப்பைத் திறந்து வெட்டிச் சேமிக்கும் வேலைக்கு ஆடாசிட்டியைவிட எளிது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் காசு கட்ட வேண்டும். ரீப்பர் இவற்றில் வலிமையானது. அதைப் பற்றிக் கீழே உறுமி மேளக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், அங்கே பாருங்கள். ஆடிஷனை விட்டுவிடுங்கள். கண்ணால் பார்த்து இழுத்து வேலை செய்வதற்காகக் கட்டப்பட்டது அது. திரைவாசிப்பானுக்கு அதன் திரையில் பெரும்பகுதி ஊமை.

யார் எந்தப் புது மென்பொருளைச் சொன்னாலும் நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதலில் ஆல்ட் விசையை அழுத்தி அம்பு விசைகளால் பட்டியல்களுக்குள் நடந்து பாருங்கள். ஒவ்வொரு கட்டளையின் பெயரும் அதன் விசையும் காதில் விழ வேண்டும். பிறகு ஒலியை மாற்றும் ஏதாவது ஓர் எஃபெக்டைத் திறந்து டேப் அழுத்திக்கொண்டே போங்கள். "எடிட், 12" என்று எண்ணை மட்டும் சொல்லி, அது எதன் எண் என்று சொல்லாவிட்டால் அந்தப் பெட்டியால் உங்களுக்குப் பயனில்லை. கடைசியாக, ஒலியில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை தேர்ந்தெடுத்தோம் என்பதை யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள முடிகிறதா என்று பாருங்கள். பல மென்பொருள்கள் முதல் இரண்டிலும் தேறிவிடும், மூன்றாவதில் கவிழும். நீங்கள் வெட்டப் போவது எது என்று சொல்லத் தெரியாத எடிட்டர் எவ்வளவு அழகாக இருந்து என்ன?

ஆடாசிட்டியை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவியதும் என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) என் அழுத்தி, டூல்ஸ் பட்டியலில் ஆட்-ஆன் ஸ்டோரைத் திறந்து, "ஆடாசிட்டி ஆக்சஸ் என்ஹான்ஸ்மென்ட்" என்பதைச் சேருங்கள். கர்சர் நிற்கும் இடம், தேர்வின் (தேர்ந்தெடுத்த பகுதியின்) தொடக்கம், முடிவு ஆகியவற்றைக் கேட்டறிய இது உதவும். ஸ்டோர் வசதி என்விடிஏ 2023.2 பதிப்பில்தான் வந்தது. உங்களுடையது அதற்கும் பழையது என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

பிறகு கண்ட்ரோலோடு பி அழுத்தி, ஆடியோ செட்டிங்ஸில் பதிவுக்கான சேனல்களை ஒன்று, அதாவது மோனோ, என்று மாற்றுங்கள். ஒருவர் குரலுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. சில மைக்குகளில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் குரல் இடது காதில் மட்டும் கேட்கும்.

இன்னொன்று. பட்டியல்களின் மொழியை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். உதவிக் கையேடும் உங்களுக்கு வழி சொல்பவர்களும் ஆங்கிலப் பெயர்களையே சொல்வார்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் கட்டளை வேறு பெயரில் உட்கார்ந்திருந்தால் கிடைக்காது.

கேள்வி: அலைவடிவத்தைப் பார்க்காமல் பிழையான வாக்கியத்தை எப்படித் துல்லியமாக வெட்டுவது? நான் வெட்டினால் அடுத்த சொல்லின் தலையும் சேர்ந்து போய்விடுகிறது.

பார்வையுள்ளவர்கள், ஒலியைத் திரையில் வரைந்து காட்டும் அலைவடிவத்தைப் பார்த்து வெட்டிவிட்டுப் பிறகு காதால் சரிபார்க்கிறார்கள். நீங்கள் முதலிலேயே காதால் வெட்டப் போகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் வெட்டு தவறுவதற்குக் காரணம் கேட்பதற்கும் விரல் இறங்குவதற்கும் இடையில் உள்ள சிறு தாமதம். அதைத் தடுக்க முடியாது, திருத்திக்கொள்ளலாம்.

ஸ்பேஸ் அழுத்தி ஓட விடுங்கள். பிழை தொடங்கியதும் இடது சதுர அடைப்பு விசை, முடிந்ததும் வலது சதுர அடைப்பு விசை. பி எழுத்துக்கு வலப்பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு விசைகள்தான் அவை. பிறகு ஸ்பேஸ் அழுத்தி நிறுத்துங்கள். இப்போது தேர்வு விழுந்திருக்கும். மறுபடி ஸ்பேஸ் அழுத்தினால் தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் ஒலிக்கும்.

இரண்டு முனைகளுமே கொஞ்சம் தாமதமாக விழுந்திருக்கும் அல்லவா? இடது முனை தாமதித்ததால் பிழையின் தொடக்கம் வெளியே நிற்கும். ஷிஃப்ட்டோடு இடது அம்பு அழுத்தி அதை உள்ளே இழுங்கள். வலது முனை தாமதித்ததால்தான் அடுத்த சொல்லின் தலை அகப்பட்டுக்கொள்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்து இடது அம்பு அழுத்தினால் வலது முனை பின்வாங்கும். ஒவ்வோர் அழுத்தமும் எவ்வளவு நகர்த்தும் என்பது திரை எவ்வளவு பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பார்க்காதவருக்கு ஜூம் எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் ஒரு தட்டுக்கு நீண்ட தூரம் தாவிவிடுகிறது. கண்ட்ரோலோடு 1 அழுத்தினால் அடி சிறிதாகும், 3 அழுத்தினால் பெரிதாகும், 2 அழுத்தினால் வழக்கமான அளவு.

அழிப்பதற்கு முன் சி அழுத்துங்கள். இது கட் பிரிவியூ. தேர்ந்தெடுத்ததைத் தாண்டி, அதற்கு முந்தைய 2 நொடியையும் பிந்தைய 1 நொடியையும் ஒட்டி வாசித்துக் காட்டும். வெட்டிய பிறகு எப்படி ஒலிக்கும் என்பது வெட்டாமலே தெரிந்துவிடும். எங்கள் கணக்கில் பார்வையற்ற எடிட்டருக்கு ஆடாசிட்டி தரும் மிக உயர்ந்த விசை இந்த ஓர் எழுத்துதான். காதுக்குச் சரியாக இருந்தால் டெலீட் அழுத்துங்கள். சரியில்லை என்றால் அம்புகளால் நகர்த்தி மறுபடி சி.

எங்கே வெட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. மூச்சிலிருந்து மூச்சு வரை வெட்டுங்கள். பிழையான வாக்கியத்துக்கு முன் எடுத்த மூச்சின் தொடக்கத்தில் ஆரம்பித்து, திருத்திச் சொன்ன வாக்கியத்துக்கு முன் எடுத்த மூச்சின் தொடக்கத்தில் முடியுங்கள். இப்படி வெட்டினால் ஒரு மூச்சு மிஞ்சும். சொல்லிலிருந்து சொல் வரை வெட்டினால் இரண்டு மூச்சு அடுத்தடுத்து வரும், அல்லது ஒன்றுமே வராது. கேட்பவர் காதுக்கு ஏதோ உறுத்தும். வாக்கியத்துக்கு நடுவே வெட்டியே ஆக வேண்டும் என்றால் க, ட, த, ப போன்ற வல்லினத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் வெட்டுங்கள். அந்த எழுத்துகள் பிறப்பதற்கு முன் வாய்க்குள் காற்று அடைபட்டு ஒரு நொடித்துளி மௌனம் இருக்கும், வெட்டு அதில் ஒளிந்துகொள்ளும். உயிரெழுத்தின் நடுவில், "ம", "ன" போன்ற மெல்லினத்தின் நடுவில் வெட்டினால் "டிக்" என்று கேட்கும். அப்படிக் கேட்டால் செய்ததைத் திருப்பிவிட்டு, தேர்வு இருக்கும்போதே இசட் அழுத்திப் பாருங்கள். இரண்டு முனைகளும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும், சத்தம் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஸ்பேஸ் அழுத்தி நிறுத்தினால் கர்சர் நீங்கள் ஓட விட்ட பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நின்ற இடத்திலேயே கர்சர் நிற்க வேண்டும் என்றால் எக்ஸ் அழுத்தி நிறுத்துங்கள். "பாதி மணி நேரம் கேட்டுவிட்டு நிறுத்தினேன், மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது" என்று எழுதியிருந்த அனைவருக்கும் இதுதான் பதில்.

வெட்டவே தேவையில்லாமல் வாசிக்கவும் வழி இருக்கிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போது பிழை விட்டால் நிறுத்துங்கள். கமா விசையால் நொடி நொடியாகப் பின்னால் போய், கடைசி நல்ல வாக்கியத்தின் முடிவில் கர்சரை வைத்து, ஷிஃப்ட்டோடு டி அழுத்துங்கள். முந்தைய 5 நொடி காதில் ஓடும். அதே வேகத்தில், அதே தொனியில் நீங்கள் தொடரலாம், பதிவு தானாகத் தொடங்கிவிடும். இதற்குப் பஞ்ச் அண்ட் ரோல் என்று பெயர். ஹெட்ஃபோன் கட்டாயம். கர்சருக்கு அடுத்து அந்தத் துண்டில் வருவதை இது மாற்றிவிடும் என்பதால், வாசித்துக்கொண்டே போகும்போது மட்டும் பயன்படுத்துங்கள். முழுக் கதையும் முடிந்த பிறகு நடுவில் போய் இதை அழுத்தினால் மீதிக் கதை காணாமல் போகும். கண்ட்ரோலோடு இசட் அழுத்தினால் திரும்பி வரும், பதற வேண்டாம்.

கேள்வி: பதிவைக் கேட்டால் என் குரலுக்கு நடுவே என்விடிஏ பேசுகிறது. மானம் போகிறது!

இது இரண்டு வழிகளில் நுழையும். ஒலிபெருக்கியில் வரும் என்விடிஏ குரலை மைக் பிடித்துக்கொள்வது ஒன்று. ஹெட்ஃபோன் போட்டால் தீர்ந்தது. ஹெட்ஃபோன் போட்ட பிறகும் தெளிவாக, பக்கத்திலிருந்து பேசுவதுபோல் கேட்டால், நீங்கள் மைக்கை அல்ல, கணினிக்குள் ஓடும் ஒலியையே பதிவுசெய்துகொண்டிருக்கிறீர்கள். ஆடியோ செட்டிங்ஸில் பதிவுக் கருவியின் பெயரில் "லூப்பேக்" அல்லது "ஸ்டீரியோ மிக்ஸ்" என்று இருக்கும். மைக்கின் பெயருக்கு மாற்றுங்கள்.

ஹெட்ஃபோன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்த உடனே அது தொலைபேசி முறைக்கு மாறிவிடும். பதிவும் தொலைபேசியில் பேசியதுபோல் அடைத்துக் கேட்கும். விலையுயர்ந்த புளூடூத் வாங்கியவர்கள் இதைக் கேட்டு வருத்தப்படுவார்கள், ஆனாலும் உண்மை. மேலும் புளூடூத்தில் ஒலி தாமதமாக வருவதால் சதுர அடைப்பு விசை இன்னும் தள்ளி விழும். மென்பொருள் சரியில்லை என்று எழுதியிருந்த பலருக்கு நாங்கள் சொல்லக்கூடியது, மென்பொருளை மாற்றுவதற்கு முன் ஹெட்ஃபோனை மாற்றிப் பாருங்கள்.

எடிட் செய்யும்போது என்விடிஏவும் பதிவும் ஒன்றின்மேல் ஒன்று பேசுவது தொல்லையாக இருந்தால், என்விடிஏ விசை, ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 2024.2 முதல் உள்ள பதிப்புகளில் என்விடிஏ ஒரு காதிலும் மற்ற ஒலிகள் இன்னொரு காதிலும் பிரியும். ஆடியோ டக்கிங் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். என்விடிஏ விசை, ஷிஃப்ட், டி அழுத்தினால் அது மாறும். என்விடிஏ வாய் திறக்கும்போதெல்லாம் உங்கள் பதிவின் ஒலியைத் தாழ்த்திவிடும் வசதி அது. தாழ்ந்த ஒலியைக் கேட்டுவிட்டுப் பதிவே மெதுவாக இருக்கிறது என்று தவறாகக் கணக்குப் போடுவீர்கள்.

கேள்வி: மைக் அளவு மீட்டரைத் திரைவாசிப்பான் ஒழுங்காகச் சொல்வதில்லை. ஒலி அதிகமா, குறைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

10 நொடி சத்தமாகப் பேசிப் பதிவுசெய்யுங்கள். கண்ட்ரோலோடு ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் ஆம்ப்ளிஃபையைத் திறங்கள். அது முன்வைக்கும் எண்தான் உங்கள் மீட்டர். "9" என்று வந்தால் உங்கள் உச்ச ஒலி −9 டெசிபெல். 6 முதல் 12 வரை வந்தால் நன்று. 0 அல்லது அதை ஒட்டி வந்தால் ஒலி மேலே முட்டிச் சிதைந்திருக்கும், மைக் அளவைக் குறைக்க வேண்டும். 20க்கு மேல் வந்தால் மைக்குக்கு அருகில் போங்கள் அல்லது அளவைக் கூட்டுங்கள். எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடுங்கள், எதுவும் மாறாது. உச்சத்தில் சிதைந்த ஒலியைப் பிறகு முழுதாக மீட்க முடியாது. சற்றுக் குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: தோட்டத்து வீடு, ஜிங்க் கூரை. பிற்பகல் மழை, மின்விசிறி, செம்பனை லாரி, சேவல். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் எல்லாம் போய்விடுமா?

மின்விசிறி போகும். மற்றவை போகாது.

நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒரே சீராக ஓடும் இரைச்சலைக் கற்றுக்கொண்டு கழிப்பது. லாரியும் சேவலும் ஒவ்வொரு நொடியும் மாறும். ஜிங்க் கூரையில் பெய்யும் மழையோ குரல் இருக்கும் அலைவரிசை முழுவதையும் நிரப்பிவிடும். அதைக் கழிக்கப் போனால் குரலும் சேர்ந்து கழியும். மழை பெய்தால் பதிவு இல்லை, எடிட்டிங் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேராக்கில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். இரவு பத்து மணிக்கு மேல் லாரியும் ஓய்ந்துவிடும், சேவலும் தூங்கும்.

மின்விசிறியை வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், கருவியே வேண்டாம். முடியாது என்றால், ரெக்கார்டைத் தொடங்கி, பேசாமல் 3 நொடி சும்மா இருந்துவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள். முடித்த பிறகு அந்த மௌனப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனைத் திறந்து "கெட் நாய்ஸ் புரொஃபைல்" அழுத்துங்கள். பெட்டி தானாக மூடிக்கொள்ளும். கோளாறு என்று நினைத்துப் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். இப்போது முழுவதையும் தேர்ந்தெடுத்து அதே எஃபெக்டை மறுபடி திறந்து, குறைக்கும் அளவை 6 முதல் 9 டெசிபெல் வரை வைத்து ஓகே கொடுங்கள். 12க்கு மேலே போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குளறும். நேற்றைய பதிவில் எடுத்த புரொஃபைலை இன்றைய பதிவுக்குப் போடாதீர்கள். விசிறியின் வேகமோ மைக்கின் இடமோ மாறியிருந்தால் கணக்குத் தப்பும்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி, மைக் நேராக அல்லாமல் வாயின் ஓரமாக. துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து அதன் எதிரே உட்கார்ந்தால் எதிரொலி அடங்கும்.

கேள்வி: என் தங்கைக்குப் பார்வை இல்லை. அவள் திணறும்போது நான் சுட்டெலியால் அழுத்திக் கொடுத்துவிடுகிறேன். அது சரியா?

அன்றைய வேலை முடியும். மறுநாள் அவரால் அதைச் செய்ய முடியாது, தம்பி. நீங்கள் அழுத்தும் பொத்தானுக்கு விசை என்ன என்று தேடிச் சொல்லுங்கள்; பட்டியலில் கட்டளைக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். விசை இல்லாத கட்டளை என்றால் கண்ட்ரோலோடு பி அழுத்தினால் திறக்கும் பிரிஃபரன்ஸஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் ஒன்றை நீங்களே ஒதுக்கிக் கொடுக்கலாம்.

கூடவே ஒன்று: நீங்கள் சுட்டெலியால் எங்கோ தட்டியதும் விசைகளின் கவனம் வேறு பட்டைக்குப் போயிருக்கலாம். அப்போது அவர் ஆர் அழுத்தினாலும் பதிவு தொடங்காமல் போகலாம், ஸ்பேஸ் அழுத்தினால் வேறு ஏதோ பொத்தான் வேலை செய்யும். கண்ட்ரோலோடு எஃப்6 அழுத்திக்கொண்டே போனால் தடங்கள் இருக்கும் இடத்துக்குத் திரும்பலாம்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். ஆர் அழுத்தினேன், பதிவு ஓடியது, நேரமும் நகர்ந்தது. கேட்டால் சுத்த மௌனம். மைக் மற்ற இடங்களில் வேலை செய்கிறது.

விண்டோஸ் செட்டிங்ஸ், பிரைவசி, மைக்ரோஃபோன். அங்கே டெஸ்க்டாப் செயலிகள் மைக்கைப் பயன்படுத்த அனுமதி என்ற பொத்தான் அணைந்திருக்கும், ஆசிரியை. போட்டுவிட்டு ஆடாசிட்டியை மூடித் திறங்கள். மைக்கைச் செருகுவதற்கு முன்பே ஆடாசிட்டியைத் திறந்திருந்தாலும் மைக் அதன் பட்டியலில் தெரியாது. அதற்கும் மூடித் திறப்பதே மருந்து.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பகுதி, பயிற்சி எங்கே கிடைக்கும் என்பது. உங்களுக்கு அருகில் பினாங்கு செயின்ட் நிக்கோலஸ் இல்லம், 1926இல் தொடங்கியது. கோலாலம்பூரில் 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரலுக்கு அருகிலேயே இருக்கிறது. திரைவாசிப்பான் வகுப்பு எப்போது என்று இரண்டு இடங்களையும் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். என்விடிஏவை ஓரளவு ஓட்டத் தெரியாத மாணவரை நேராக ஆடாசிட்டியில் உட்கார வைத்தால் எது எதன் குரல் என்றே அவருக்குப் புரியாது.

கேள்வி: கணினி இல்லை, கைப்பேசிதான். முடியுமா?

பதிவுக்குத் தாராளமாக முடியும். எடிட்டிங் கைப்பேசியைப் பொறுத்தது. ஐஃபோன் என்றால் ஃபெரைட் என்ற செயலி அதன் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரோடு நன்றாக ஒத்துழைக்கும். அடிப்படை இலவசம், கூடுதல் வசதிக்குக் கட்டணம். ஆண்ட்ராய்டில் லெக்சிஸ் ஆடியோ எடிட்டரை அங்குள்ள டாக்பேக் திரைவாசிப்பானோடு பலர் பயன்படுத்துகிறார்கள். ஓரிரு இடத்தில் வெட்டவும் முன்னும் பின்னும் கத்தரிக்கவும் இவை போதும். அரை மணி நேரக் கதையில் நாற்பது இடத்தில் வெட்ட வேண்டும் என்றால் விசைப்பலகைதான் கதி.

கைப்பேசியில் பதிவுசெய்து கணினியில் எடிட் செய்வது நல்ல நடுவழி. அனுப்பும்போது புலனத்தின் (வாட்ஸ்அப்) குரல்பதிவாக அனுப்பாதீர்கள். அது ஒலியை நசுக்கிவிடும். கோப்பாக, டாக்குமெண்ட் என்ற வழியில் இணைத்தால் அப்படியே போகும். கைப்பேசிகள் பெரும்பாலும் எம்4ஏ வடிவில் சேமிக்கும். விண்டோஸ் ஆடாசிட்டி அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நூலகத்தையும் நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால் பிழைச்செய்தி வரும். கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் உறுமி மேளக் குழுவில் வாசிப்பவன், பார்வை மங்கல். உறுமி, தவில், பாட்டு எல்லாவற்றையும் தனித்தனித் தடமாகப் பதிவுசெய்ய வேண்டும். ஆடாசிட்டி போதுமா, ரீப்பருக்குப் போகவா?

உங்கள் வேலைக்கு ரீப்பர்தான். ஆனால் ரீப்பரை மட்டும் நிறுவினால் திரைவாசிப்பான் வாயடைத்து நிற்கும். அதன்மேல் ஒசாரா என்ற இலவச இணைப்பை நிறுவ வேண்டும். என்விடிஏவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் டே தொடங்கியது அது. நிறுவும்போது, விசை அமைப்பை ஒசாராவின் அமைப்பாக மாற்றட்டுமா என்று கேட்கும். மாற்றச் சொல்லுங்கள். பழைய அமைப்பிலேயே விட்டால் மற்றப் பார்வையற்றவர்கள் சொல்லும் விசைகள் உங்கள் கணினியில் வேறு எதையோ செய்யும். பிறகு எஃப்12 அழுத்தினால் விசை உதவி தொடங்கும். எந்த விசையை அழுத்தினாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும், செய்யாது. முதல் வாரம் இதிலேயே விளையாடுங்கள்.

60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். அதன்பின் தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். குழுவின் ஆண்டு வருமானம் 20,000 டாலருக்குள் இருந்தால் அதே சலுகை விலை.

ஆடாசிட்டியிலிருந்து வருபவர்களைக் கவிழ்க்கும் இடம் ஒன்று உண்டு. ரீப்பரில் ஒரு துண்டை அழித்தால் அந்த இடம் வெற்றிடமாகவே நிற்கும், பின்னால் உள்ளது முன்னால் நகராது. பல தடங்கள் ஒன்றோடொன்று தாளம் பிசகாமல் நிற்க வேண்டும் என்பதால் அப்படி. நகர வேண்டும் என்றால் ஆல்ட்டோடு பி அழுத்தி ரிப்பிள் எடிட்டிங்கை மாற்றுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் அணையுங்கள். அணைக்காமல் தவில் தடத்தில் எதையாவது அழித்தால் பாட்டும் மேளமும் பிரிந்துவிடும்.

இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே நேரத்தில் செருகிப் பதியலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தில் ஓடும், பாட்டு நீள நீளத் தடங்கள் விலகும். பல மைக்குகளை ஒன்றாகக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி வேண்டும், அதை ஓட்டும் ஆசியோ டிரைவர் மென்பொருளோடு. உறுமிக்கு மைக்கை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். அளவு பார்க்கும்போது மெதுவாக வாசித்துக் காட்டிவிட்டுப் பதிவில் வெளுத்துக் கட்டுவது எல்லாக் குழுவிலும் நடக்கும். உச்சக்கட்ட வாசிப்பை வைத்தே அளவு பாருங்கள்.

ஆடாசிட்டியிலும் ஒரு தடத்தைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றைப் பதியலாம். பதியும்போது ஏற்படும் தாமதத்தைச் சரிக்கட்டும் லேட்டன்சி காம்பென்சேஷன் −130 மில்லிசெகண்ட் என்று முன்பே வைத்திருப்பார்கள். அது உங்கள் கணினிக்குப் பொருந்தாவிட்டால் இரண்டாம் தடம் முந்தியோ பிந்தியோ ஒலிக்கும். பாட்டுக்கு ஒரு தாளம் என்றால் சரிசெய்து ஓட்டலாம். ஆறு தடம் என்றால் வேண்டாம்.

கேள்வி: பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விலையுயர்ந்த எடிட்டரை 10 ரிங்கிட்டுக்குக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். திருட்டுப் பதிப்பு என்பது ஒருபுறம். அதை நிறுவும் பெட்டிகளில் பாதி படங்களாக இருக்கும், திரைவாசிப்பான் படிக்காது. எதற்குச் சரி சொல்கிறீர்கள் என்றே தெரியாமல் எண்டர் அழுத்துவீர்கள். ஆடாசிட்டியையும் யாராவது காசுக்கு விற்றால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எடிட்டிங் முடிந்தது. எந்த வடிவில் சேமிப்பது? சேமித்ததைத் தோழிக்கு அனுப்பினால் திறக்கவில்லை என்கிறாள்.

நீங்கள் அனுப்பியது ஏயூபி3 என்று முடியும் திட்டக்கோப்பு. அது ஆடாசிட்டியில் மட்டுமே திறக்கும். கண்ட்ரோலோடு எஸ் அழுத்துவது உங்களுக்காக, பிறகு திருத்த. மற்றவர்களுக்கு அனுப்ப, கண்ட்ரோல், ஷிஃப்ட், இ அழுத்தி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். பேச்சுக்கு எம்பி3, மோனோ, 64 கேபிபிஎஸ் போதும். அரை மணி நேரம் ஏறக்குறைய 14 எம்பி ஆகும். பாட்டு, பின்னணி இசை இருந்தால் ஸ்டீரியோ, 128க்குக் குறையாமல்.

வானொலிக்கோ வேறு எடிட்டருக்கோ கொடுப்பதாக இருந்தால் எம்பி3 வேண்டாம், வேவ் கொடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் ஒரு நிமிடத்துக்கு 5 எம்பிக்குச் சற்று மேல். எம்பி3யைத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3யாகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும், ஆகவே திருத்துவதெல்லாம் திட்டக்கோப்பில் இருக்கட்டும். திட்டக்கோப்பு பெரிது. ஒரு மணி நேர மோனோ பதிவே 600 எம்பியைத் தாண்டும். பழைய மடிக்கணினியில் இடம் போதாவிட்டால், எக்ஸ்போர்ட் செய்து கேட்டுப் பார்த்த பிறகு திட்டக்கோப்பை ஒரு பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். பென்டிரைவிலிருந்தே திறந்து எடிட் செய்யாதீர்கள். வேகம் போதாமல் பதிவில் துண்டு துண்டாக இடைவெளி விழும்.